அஞ்சடியில் விரிந்த புத்தகம்

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு சடங்கு வேரூன்றிவிட்டது. தேர்வு நெருங்கும்போது ஒரு சனிக்கிழமை தன்முனைப்பு முகாம் வைப்பார்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்கும். கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்து, துயர இசையை ஓடவிட்டு, அம்மா விடியுமுன் எழுந்து வேலைக்குப் போவதையும் அப்பாவின் கை காய்த்துப்போனதையும் பேச்சாளர் விவரிப்பார். பிள்ளைகள் விம்மி அழுவார்கள். அழுது ஓய்ந்த பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறந்துவிட்டது என்று பெரியவர்கள் மனநிறைவோடு கலைவார்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அதன் கையில் பயிற்சி நூலைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

இந்தச் சடங்குக்குத் துணையாக ஒரு கருத்தும் உலவுகிறது. தோட்டப்புறப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் ஆடம்பரம், அதற்கு முதலில் வேண்டியது சாதித்தவர்களின் வரலாறும் தன்னம்பிக்கைப் பேச்சும்தான் என்று கருத்தரங்குகளில் அடித்துச் சொல்கிறார்கள். மலேசியாவில் தமிழ்ச் சிறுவர் இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது அதன் இரட்டைப் பிள்ளை. இரண்டும் தவறு. கோலசிலாங்கூரையும் அதைச் சுற்றியுள்ள வடசிலாங்கூர்த் தோட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் துறையின் வரலாற்றை ஒருமுறை நடந்து பார்த்தால் அந்தத் தவறு விளங்கும். நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் வந்த வழி ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார, நடுவில் ஒரு புத்தகம் விரிய, அதில் தங்கள் வாழ்க்கையின் சாயல் தெரிய வந்த ஊக்கம் அது. அந்த வழியை நாமே தூர்த்துவிட்டோம்.

தொடக்கத்தை விரைந்து கடந்துவிடலாம். சஞ்சி என்ற ஒப்பந்தத்தில் வந்த முதல் தலைமுறையோடு புத்தகம் வரவில்லை. தாலாட்டும் விடுகதையும் அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் வந்தன. லயம் என்ற வரிசை வீடுகளில் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு எழுத்து என்பது கிராணி என்ற தோட்டக் கணக்கரின் வருகைப் பதிவேடான செக்ரோலில் இருந்த பெயர்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்குமேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பதை 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் விதியாக்கின. பல தோட்டங்களில் அந்த விதி ஒரு கொட்டகையாகவும் ஒற்றை ஆசிரியராகவும் முடிந்தது. அந்த ஆசிரியரும் சில இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். புத்தகங்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1941இல் ஆர்.எச்.நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வோடு, கள்ளுக்கடை மூடுவதோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவை நிறுத்துவதோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. துப்பாக்கிச் சூட்டில் முடிந்த அந்தப் போராட்டத்திலும் பால்வெட்டுத் தொழிலாளி தன் பிள்ளையின் படிப்பைக் கேட்டான். தோட்ட மக்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று இன்றும் மேடையில் சொல்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும்.

அடுத்து வந்தது ஜப்பானியர் காலம், சயாம் மரண ரயில். அந்த இருளைத் தாண்டி வந்த தலைமுறைதான் நம் பொற்காலத்தை உண்டாக்கியது. 1950களையும் 60களையும் அப்படி அழைக்க எனக்குத் தயக்கமில்லை. கோ.சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் அதன் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி மலாயாத் தோட்டங்களின் சொத்தாக இருந்தது. லயத்தில் உட்கார்ந்து கையெழுத்தில் அனுப்பிய நாலு வரி, தன் பெயரோடும் ஊரோடும் அச்சில் வரும் என்பதை நம் பிள்ளைகள் முதன்முதலாக அங்கேதான் கண்டார்கள். பின்னாளில் நம் இலக்கியத்தைத் தாங்கிய எழுத்தாளர்களில் பலர் அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள். தமிழ் நேசன் நாளிதழில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு பெரியவர்களுக்கானது என்றாலும், எழுத்தைக் கற்றுக்கொடுக்கலாம், திருத்திக் கொடுக்கலாம், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணத்தை அது நாட்டில் விதைத்தது. தோட்டம்தோறும் மணிமன்றங்கள் என்ற இளைஞர் மன்றங்கள் கிளைத்தன. சா.ஆ.அன்பானந்தனைப் போன்றவர்கள் எழுத்தையும் மன்றப் பணியையும் இரண்டு கையாகப் பிடித்துக்கொண்டு இளைஞர்களைத் திரட்டினார்கள்.

இந்தக் காலத்தை நான் போற்றுவதற்குக் காரணம் அச்சான படைப்புகளின் தரம் மட்டுமில்லை. சிறுவர் பக்கக் கவிதைகளில் பெரும்பாலானவை எதுகையைத் தேடி அலைந்தவை, அறிவுரை மலிந்தவை. போற்ற வேண்டியது அந்தப் பக்கம் லயத்துக்குள் உண்டாக்கிய உறவை. வடசிலாங்கூர்த் தோட்டம் ஒன்றின் மாலை நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் சாக்கை விரித்து உட்கார்ந்த தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. பள்ளி போகும் பேரப்பிள்ளைக்குத் தெரியும். பத்திரிகையை அந்தப் பிள்ளைதான் படித்துச் சொல்லும். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கும், பதிலும் எழுதும். பெரியவர்கள் கூடியிருக்க நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தத் தன்முனைப்புப் பேச்சாளரும் தேவைப்படவில்லை. தன் குரல் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. ஊக்கம் என்று நான் சொல்வது அந்த அறிதலைத்தான்.

இந்த இடத்தில் கு.அழகிரிசாமியை அழைக்காமல் இருக்க முடியாது. 1952இலிருந்து 1957வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் இருந்த அவரை, இலக்கிய வட்டம் கூட்டி நம் எழுத்தாளர்களைப் பட்டை தீட்டியவர் என்று வரலாறுகள் சொல்கின்றன. சரிதான். ஆனால் குழந்தையையும் புத்தகத்தையும் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த கதை அவருடைய ‘அன்பளிப்பு’ என்பதை நம் சிறுவர் இலக்கியக் கருத்தரங்குகள் மறந்துவிட்டன. அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்கே 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது, அவர் மறைவுக்குப் பின் கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரின் கதை அது. விடுமுறை நாள் காலையில் அவரைத் தூங்கவிடாமல் எழுப்பிப் புத்தகம் கேட்கும் பிள்ளைகள். அவர்களில் இருவருக்கு அவர் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி மன்றாடி அழைத்துப்போய், உபசரித்து, தானே வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான்.

இந்த ஒரு கதையில் சிறுவர் இலக்கியத்தின் முழுக் கொள்கையும் இருக்கிறது. சாரங்கனிடம் டைரி இருக்கிறது. பொருளுக்காக அவன் ஏங்கவில்லை. தன் பெயரைத் தனக்குப் பிடித்த ஒருவர் எழுத வேண்டும், தான் அவர் கணக்கில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவன் தேடியது. புத்தகம் அந்த உறவுக்கு ஒரு சாக்கு. நம் பள்ளிகளுக்கு வரும் புத்தக நன்கொடைகளைப் பாருங்கள். பெட்டி பெட்டியாக வருகின்றன, ஒப்படைப்பைப் படம் பிடிக்கிறார்கள், அலமாரியில் ஏறுகின்றன. பிள்ளையின் பெயர் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. பெட்டிகளைக் கொடுத்துவிட்டுச் சாரங்கனை மறந்துவிடுகிறோம்.

அதே காலத்தில் வளர்ந்த இன்னொருவர், இந்தத் துறையில் நம் மாபெரும் மறதிக்கு ஆளானவர், முரசு நெடுமாறன். கேரித் தீவில் 1937இல் பிறந்தவர், ஆசிரியர். 1997இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருந்தொகுப்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். அது தகும். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்காகப் பாடல் எழுதியவர் என்பதைத் திறனாய்வாளர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அழ.வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, ‘மலரும் உள்ளம்’ போன்ற நூல்களால் ஒரு தலைமுறைக்கே பாட்டு கொடுத்தார். அவரைப் பற்றி ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன. இங்கே அந்தப் பணியைச் செய்தவருக்குக் களஞ்சியத் தொகுப்பாளர் என்ற பட்டத்தோடு திருப்தி அடைந்துவிட்டோம். குழந்தைப் பாட்டு எழுதுவது எளிது என்ற எண்ணம்தான் இந்த மறதிக்கு வேர். நான்கு சீர் அளவில், ஆறு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குள் அடங்கும் சொற்களில், ஓசை பிசகாமல், அறிவுரை துருத்தாமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். தோட்டப்புறத்தில் குழந்தைப் பாட்டைப் போற்ற இன்னொரு காரணமும் உண்டு. விலை கொடுத்து வாங்க முடியாத வீட்டுக்குள்ளும் நுழையும் ஒரே புத்தகம் பாட்டு. பள்ளியில் ஒரு பிள்ளை மனப்பாடம் செய்தால் சாயங்காலம் லயத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு அது போய்விடும். தாய் தந்தையர் பெரட்டு என்ற காலைப் பெயர்ப்பதிவுக்குப் போன பின் தம்பி தங்கையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் அக்காள், தாலாட்டாக அதையே பாடுவாள். முரசு நெடுமாறனின் குழந்தைப் பாடல்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக, நல்ல படங்களோடு, எல்லாத் தமிழ்ப் பாலர் பள்ளிகளிலும் கிடைக்கச் செய்வது நம் கடன்.

கடல் கடந்து வந்த இதழ்களையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பின்னால் கோகுலம், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ், வாண்டுமாமாவின் கதைகள் ஆகியவை பட்டணத்துக் கடைகளில் தொங்கின. தோட்டத்துக்கு ஒன்று வந்தாலும் இருபது வீடு சுற்றின. அட்டை கிழிந்து, கோந்தில் ஒட்டி, கடைசிப் பக்கம் காணாமல்போய், முடிவைத் தாங்களே கட்டிச் சொல்லிக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். அவை வாசிப்பின் சுவையைத் தந்தன. ஆனால் அவற்றில் வேதாளமும் அரண்மனையும் சென்னைத் தெருவும் இருந்தன. கித்தா என்ற ரப்பர் மரம் இல்லை. பால் ஏந்தும் மங்கும் வெட்டும் உளியும் இல்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வீட்டில் செலவு சாமான் குறையும் என்று கவலைப்படும் ஒரு பிள்ளையும் இல்லை. தன் வாழ்க்கை கதைக்கு உரியது இல்லையோ என்று பிள்ளை தனக்குள் முடிவு கட்டிக்கொள்ள அது போதும்.

அந்த வாழ்க்கை உலகத் தரத்தில் இலக்கியமாகத் தகுந்தது என்பதற்கு இதே மண்ணில் சான்று உண்டு. இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். மலாயாவில் வாணிப அளவில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த வட்டாரத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேஸி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள், துரையின் கண் வழியாக. பாரிசில் பரிசு வாங்கும் அளவுக்குக் கதை விளைந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை, தன் தோட்டத்தில் கதை இல்லை என்று எண்ணிக்கொண்டே வளர்ந்தது. துரை எழுதினார். அந்தத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளையின் கண் வழியாக யாரும் எழுதவில்லை.

மலாய்க் குழந்தைக்கு இந்தக் குறை 1979இல் தீர்ந்தது. கேலிச்சித்திரக் கலைஞர் லாட் வரைந்த ‘கம்போங் போய்’ அந்த ஆண்டில் வந்தது. பேராக் கம்பத்துச் சிறுவன் ஒருவன் பிறப்பதும், குளிப்பதும், குர்ஆன் ஓதக் கற்பதும், ஈயக் கப்பலைப் பார்ப்பதும், ஊரைவிட்டுப் போவதும் தவிர அதில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. அன்றாட வாழ்க்கைதான் முழுப் புத்தகமும். இந்நாட்டில் பிறந்த எல்லா இனத்தாரும் அதைத் தங்கள் புத்தகமாக ஏற்றுக்கொண்டார்கள். நம் நாவலாசிரியர்கள் தோட்டத்தை எழுதாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப்போன அகிலன்கூட ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அன்பானந்தனின் ‘மரவள்ளிக் கிழங்கு’, அ.ரெங்கசாமியின் நாவல்கள், சீ.முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ என்று வரிசை நீளும். அவை வலிமையான படைப்புகள். ஆனால் அவை பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. பிள்ளைகள் அவற்றில் பசித்தவர்களாக, அடிபட்டவர்களாக, சாட்சிகளாக வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். துயரத்தை எழுதுவதில் காட்டிய திறமையில் கால்பங்கை மகிழ்ச்சியை எழுதுவதில் காட்டியிருந்தால் நம் சிறுவர் இலக்கியம் இன்று தழைத்திருக்கும். தோட்டத்தில் மகிழ்ச்சியும் இருந்தது. தீமிதித் திருவிழாவும், வாய்க்காலில் மீன் பிடித்ததும், கித்தா விதையைச் சுண்டி விளையாடியதும் இருந்தன.

இனி நான் மனம் கசந்து பேச வேண்டிய காலத்துக்கு வருகிறேன். 1988இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யுபிஎஸ்ஆர் தேர்வு வந்தது. 2019இல் கடைசியாக நடந்து, 2021இல் ஒழிக்கப்படும்வரை முப்பது ஆண்டுக்குமேல் மாணவர்களின் வாசிப்பை அது தன் காலடியில் வைத்திருந்தது. கதைப்புத்தகம் இருந்த இடத்தில் கருத்துணர்தல் பகுதி உட்கார்ந்தது. கட்டுரைக்கு மாதிரிக் கட்டுரை நூல். தன்கதைக்கு மாதிரித் தன்கதை. தன்கதை என்ற வடிவம் உண்மையில் ஒரு வரம். ஒரு பொருள் தன் வாழ்க்கையைத் தானே சொல்வது என்றால் குழந்தையின் கற்பனை எங்கெல்லாம் போகும்! நாமோ பேனாவும் புத்தகப்பையும் காலணியும் ஒரே கடையில் பிறந்து, ஒரே மாதிரி விலைபோய், ஒரே மாதிரிக் குப்பையில் விழுந்து முடியும் கதையை ஆண்டுக்கு ஆண்டு எழுதவைத்தோம். மரபுத்தொடரும் இணைமொழியும் இரட்டைக்கிளவியும் எத்தனை அழகான சொற்கள். அவற்றை வாழ்க்கையில் பேசிக் கேட்காமல், கட்டுரையில் செருகினால் மதிப்பெண் என்று செருகவைத்தோம். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியின் பெயர் தேர்ச்சி விழுக்காட்டில் தொங்கியபோது அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்?

1990களின் இறுதியில் வந்த நிலாம் வாசிப்புத் திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. எத்தனை புத்தகம் படித்தாய் என்று பதிந்து, எண்ணிக்கைக்கு ஏற்ப விருது கொடுத்தது. எண்ணிக்கை வந்த இடத்தில் வாசிப்பு இளைத்தது. தலைப்பு, ஆசிரியர், பக்கம், நான்கு வரிச் சுருக்கம் என்று ஏட்டை நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். ஒரே புத்தகத்தை இருபது முறை படிக்கும் பிள்ளையைப் பாராட்ட அந்த ஏட்டில் கட்டம் இல்லை. குழந்தையை அறிந்தவர்களுக்குத் தெரியும், வாசகர் பிறப்பது அந்த இருபதாவது முறையில்தான்.

இதே காலத்தில் தோட்டமும் கலைந்தது. கித்தா மரம் விழுந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் விழுந்து வீடமைப்பு எழுந்தது. லயத்து மக்கள் அடுக்குமாடிகளுக்கும் பட்டண ஓரங்களுக்கும் சிதறினார்கள். நைஜல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு கூரைக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாடு விடுதலை அடைந்தபோது எண்ணூற்றுக்கும் அதிகமாக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தென்னமரம், ராஜா மூசா, சுங்கை ரம்பை, கோல்பீல்ட்ஸ் என்று பள்ளிப் பெயர்களில் தோட்டம் தங்கியிருக்கிறது. பிள்ளையோ வேனில் வந்து வேனில் போகிறது. அஞ்சடி இல்லாத வீட்டில் தாத்தாவுக்குத் தொலைக்காட்சி, பிள்ளைக்குக் கைப்பேசி. யாரும் யாருக்கும் படித்துச் சொல்வதில்லை. இந்த வெற்றிடத்தில்தான் தன்முனைப்பு முகாம் கடை விரித்தது. உறவு செய்துகொண்டிருந்த வேலையை ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்தோம்.

நம்பிக்கை தரும் அறிகுறிகளும் உண்டு. கே.பாலமுருகன் எழுதத் தொடங்கிய சிறுவர் மர்ம நாவல்களை நான் மனமார வரவேற்கிறேன். 2014இல் வந்த ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ நூலை, பாடநூல் அல்லாத ஒன்றைத் தாங்களாகக் கேட்டு வாங்கிப் பிள்ளைகள் படித்தார்கள். ஒழுக்கம் கற்பிக்காமல் ஒரு தமிழ்க் கதை அவர்களை இழுத்துப்போனது. ஆசிரியராக இருந்த ஒருவரே அந்தக் கதவைத் திறந்தது பெருமைக்குரியது. தமிழ்நாட்டிலும் காற்று மாறியிருக்கிறது. 2010இல் தொடங்கிய பால சாகித்திய புரஸ்கார் விருதுகளைப் பாருங்கள். மா.கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’, யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ என்று அரண்மனையை விட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் கதை இறங்கிவிட்டது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளலாம், புதிதாக எழுதியும் சேர்க்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது நம் ஆசிரியர்கள் சிலர் புலனம் (வாட்ஸ்அப்) வழியாகக் கதைகளைப் படித்து அனுப்பினார்கள். பிள்ளைகளும் திருப்பிப் படித்து அனுப்பினார்கள். அஞ்சடி கொஞ்ச காலம் கைப்பேசிக்குள் உயிர்த்தது.

ஆனாலும் மர்மக் குகையோடு நின்றுவிட முடியாது. என் வாதம் இதுதான்: அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மலேசியத் தமிழ்ச் சிறுவர் இலக்கியம் போக வேண்டிய திசை அன்றாட வாழ்க்கை. கோலசிலாங்கூர் ஒன்றே நூறு புத்தகத்துக்குப் போதும். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. உலகெங்கிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். ஆற்றோரக் காடு அழிந்தால், நீர் கெட்டால் அவை போய்விடும் என்பதும் உண்மை. புக்கிட் மெலாவத்தியின் இலைக்குரங்குகள், கருத்த தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டியோடு உட்கார்ந்திருக்கின்றன. தஞ்சோங் காராங்கிலும் பக்கத்து வட்டாரமான சிகிஞ்சானிலும் நெல்வயல். பாசிர் பெனாம்பாங்கில் மீன்படகு. செம்பனைக் காட்டில் எலிக்காக வளர்க்கும் ஆந்தைக் கூடு. லோரி ஓட்டும் அப்பா, தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் அம்மா, தோட்டத்தில் இப்போது வேலை செய்யும் வங்காளதேசத்து அண்ணன், மலாய்க்காரப் பக்கத்து வீட்டு மக்சிக் (அத்தை). இவற்றை எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து, பதினாறு பக்கத்தில், பெரிய எழுத்தில், அறிவுரை இல்லாமல் எழுதிக் கொடுத்தால் போதும். கதாநாயகி பரிசு வாங்க வேண்டாம். மருத்துவராகவும் வேண்டாம். தொலைந்த கோழியைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும். தன்னைப்போன்ற ஒருத்தி புத்தகத்துக்குள் இருக்கிறாள் என்று கண்ட பிள்ளைக்கு அதைவிட வலிய ஊக்கம் கிடையாது.

எழுதினால் மட்டும் போதாது. அஞ்சடியையும் மீட்க வேண்டும். யுபிஎஸ்ஆர் போனதும் ஓர் இடம் காலியானது. அதை வேறு தேர்வுகள் முழுதாக நிரப்புவதற்குள் கதையை அமர்த்திவிட வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வாரம் ஒரு பாடவேளை பாலர் பள்ளிக்குப் போய் ஒருவர் ஒருவருக்குப் படித்துக் காட்டட்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இது முதலில் கிடைக்க வேண்டும். தனக்குக் கீழே ஒருவன் வாய் பிளந்து கேட்கும்போது தடுமாறும் நாக்கும் திருந்தும். தாத்தா பாட்டிமாரைப் பள்ளிக்கு அழைத்து, பெரட்டுக் காலத்துக் கதைகளைச் சொல்லவைத்து, பிள்ளைகளே எழுதி வரைந்து ஒரு சிறு நூலாகக் கட்டட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன்முனைப்பு முகாமுக்குச் செலவிடும் தொகையில் பாதியை அதற்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு ஒரு பள்ளி ஒரு புத்தகம் அச்சிடலாம். வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளை படிக்க அம்மா கேட்கட்டும். கேட்பதும் வாசிப்பில் பாதி.

எழுத்தாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் அடுத்த நாவலுக்கு முன் ஒரு பதினாறு பக்கப் புத்தகம் எழுதுங்கள். பதிப்பாளர்களுக்கு: பயிற்சி நூலில் வரும் வருமானத்தில் ஒரு சிறு பங்கைப் படக்கதைக்குத் திருப்புங்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு: இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகம் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கதையைச் சேர்ந்து படியுங்கள். மறக்காமல், முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.